தொட்டி இருந்த இடம்

எனக்கு எழுபத்தொரு வயது ஆகிறது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். மூன்று நான் பெற்றது, இரண்டு என் நாத்தனார் விட்டுவிட்டுப் போனது. ஐந்தில் ஒன்றுகூட அழுக்குச் சட்டையோடு பள்ளிக்கூடம் போனதில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐந்து வெள்ளைச் சட்டைக்கு எத்தனை குடம் தண்ணீர் ஆகும் என்பது தூக்கினவளுக்குத்தான் தெரியும்.

எங்கள் சந்து மேற்கு மாம்பலத்தில் இருக்கிறது. ஸ்டேஷனில் இறங்கி மார்க்கெட்டைத் தாண்டி நடந்தால் வந்துவிடும். இரண்டு பக்கமும் வீடு, கடைசியில் சுவர். ஒரு ஆட்டோ உள்ளே வந்தால் திரும்ப முடியாது, பின்னாலேயே போகவேண்டும். இருபத்திரண்டு குடித்தனம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் அங்கேதான். என் வீட்டுக்காரர் ரங்கநாதன் தெருவில் மூட்டை தூக்கினார். அவர் போன பிறகு அதே தெருவில் ஒரு துணிக்கடையில் எனக்கு வேலை கிடைத்தது. வருகிறவர்கள் நாற்பது புடவையைப் பிரித்துப் போட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு போவார்கள். மற்றதையெல்லாம் பழைய மடிப்பிலேயே மடித்து அடுக்கவேண்டும். பத்தொன்பது வருடம் மடித்தேன். என் மடிப்பில் ஒரு கோணல் இருந்தது என்று மேனேஜர் ஒரு நாளும் சொன்னதில்லை.

சந்துக்குள் வீட்டுக்கு வீடு குழாய் கிடையாது. முனையில் ஒரு அடி பம்பு, அதன் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு கருப்புத் தொட்டி. பம்பில் வருவது துவைக்கவும் கழுவவும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலையில் லாரி வந்து தொட்டியை நிரப்பும். அது குடிக்க, சமைக்க. லாரி வருவதற்கு முன்பே குடங்கள் வந்து நின்றுவிடும். எல்லாம் ஒரே கடையில் வாங்கின ஒரே அச்சு பிளாஸ்டிக் குடம். அதனால் ஒருத்தி கழுத்தில் ரிப்பன் கட்டியிருப்பாள், ஒருத்தி நகப் பாலிஷில் பொட்டு வைத்திருப்பாள். வேலைக்குப் போகிறவள் தன் இடத்தில் ஒரு செங்கல்லை வைத்துவிட்டுப் போவாள். செங்கல்லும் ஆள்தான். அதைக் காலால் தள்ளினவளை நான் சும்மா விட்டதில்லை.

வரிசையைப் பார்த்துக்கொண்டது நான். யாரும் என்னை வைக்கவில்லை, நானாகத்தான் நின்றேன். முதல் சுற்றில் ஒரு வீட்டுக்கு ஆறு குடம். மிச்சம் இருந்தால் இரண்டாவது சுற்று. பிள்ளை பெற்ற வீட்டுக்கும் சாவு விழுந்த வீட்டுக்கும் வரிசை கிடையாது, முதல் குடமே அவர்களுக்கு. இந்தச் சட்டம் நான் போட்டது. பக்கத்துத் தெருக்களில் தொட்டியடியில் மண்டை உடைந்த நாட்களில்கூட எங்கள் சந்தில் சத்தம்தான் வந்தது, ரத்தம் வரவில்லை.

என் பேச்சு எடுபட்டதற்குக் குரல் மட்டும் காரணமில்லை. சந்தில் என்னைப் படித்தவள் என்று நினைத்திருந்தார்கள். கடையில் வேலை, கழுத்தில் அடையாள அட்டை, கையெழுத்து வேறு போடுவேன். ரேஷன் கார்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு, பள்ளிக்கூடத்திலிருந்து வரும் கடிதம் எல்லாம் என்னிடம்தான் வரும். எனக்கு எண்கள் நன்றாகத் தெரியும். எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தெரியும். அவற்றைச் சேர்ப்பதற்குள் பஸ் போய்விடும். ஆனால் கடிதம் கொண்டுவருகிறவளுக்கு அது எதற்கு வந்தது என்று பாதி தெரிந்திருக்கும். "இது எதுக்கு வந்திருக்கும்னு நீ நெனைக்கிறே?" என்று கேட்பேன். அவள் சொல்வாள். காகிதத்தை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அதேதான்" என்பேன். பல வருடம் அப்படி ஓட்டினேன். இதையும் நான் எழுதவில்லை. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். காலேஜில் படிக்கிறாள்.

சந்து முனையில், தொட்டியை ஒட்டினாற்போல் ஒரு பழைய பங்களா இருந்தது. கிணறு, நாலு தென்னை, ஒரு மாமரம். சொந்தக்காரர்களின் பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தபடியே விற்றார்கள். ஒரு வாரத்தில் இடித்தாகிவிட்டது. இடித்த செங்கல்லையும் காரையையும் போட்டே கிணற்றை மூடினார்கள். அடுக்குமாடிக் கட்டடத்துக்கு அஸ்திவாரக் குழி எடுத்தபோது குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. மோட்டார் வைத்து நாள் முழுக்கச் சாக்கடையில் விட்டார்கள். கண்ணாடி மாதிரித் தண்ணீர். நாங்கள் குடத்தோடு ஓடினோம். போர்வை, மெத்தை உறை எல்லாம் துவைத்தோம். அந்த ஆட்களுக்கு நன்றிகூடச் சொன்னோம். எங்கள் காலுக்குக் கீழே இருந்ததைத்தான் எடுத்து ஊற்றுகிறார்கள் என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

கட்டடம் முடிகிற நேரத்தில், ஒரு நாள் காலை, வேலையை மேற்பார்த்த ஆள் சந்துக்குள் வந்தார். தெற்கத்திக்காரர், வெள்ளைச் சட்டை. ஆண்பிள்ளைகள் வேலைக்குப் போயிருந்த நேரம். அவர் யார் வீட்டு வாசலிலும் நிற்காமல் நேராக என்னிடம் வந்தார்.

"இந்தச் சந்துல எதுன்னாலும் நீங்க சொன்னாத்தான் நடக்கும்னு சொல்லுதாவம்மா. அதான் மொதல்ல உங்ககிட்ட வந்தேன்."

அது எனக்கு இனித்தது. மறைக்கமாட்டேன்.

கட்டடத்துக்கு ஆழமாக போர் போட்டிருக்கிறார்களாம். வெளிச்சுவரில் இரண்டு குழாய் வைத்துத் தருவார்களாம், சந்துக்காரர்கள் காலையும் மாலையும் பிடித்துக்கொள்ளலாமாம். இனி லாரிக்குக் காத்திருக்க வேண்டாம். எல்லோரும் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டால் போதும். இரண்டு தாள், டைப் அடித்தது. அதை என் கையில் கொடுத்து, "படிச்சுப் பாத்துட்டே போடுங்கம்மா, அவசரம் இல்ல" என்றார். அந்த ஆளை ஏமாற்றுக்காரர் என்று திட்ட எனக்கு வாய் வராததற்கு அந்த ஒரு வார்த்தைதான் காரணம். படியுங்கள் என்று சொன்னார்.

அதற்குள் பெண்கள் சுற்றி நின்றுவிட்டார்கள். என் மருமகள் மாவு ஒட்டின கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். பத்தாவது வரை படித்தவள். "குடுங்கத்தை, நான் படிக்கிறேன்" என்று கையை நீட்டினாள். அத்தனை பேர் முன்னால், எனக்கு மருமகள் படித்துச் சொல்வதா?

"உள்ளே உனுக்கு வேலை இல்ல?" என்றேன்.

அவள் கை கீழே இறங்கியது.

கடை மேனேஜர் பில்லைப் படிக்கும்போது கண் எப்படிப் போகும் என்று பத்தொன்பது வருடம் பார்த்திருக்கிறேன். அப்படியே செய்தேன். வரி வரியாகக் கண்ணை ஓட்டினேன். நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி, புருவத்தைச் சுருக்கி, மேலே போய்த் திரும்பி வந்தேன். முதல் தாளைத் திருப்பி இரண்டாவதையும் பார்த்தேன். எதிர் வீட்டுக்காரிதான் பொறுக்காமல் கேட்டாள். என்னைவிடப் பத்து வயது இளையவள், வாசலில் இட்லிக் கடை வைத்திருந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"இன்னா யக்கா போட்டுக்கீது?"

"அவுரு சொன்னதுதான். குழா குடுக்குறாங்கோ. போடுங்க."

நான் முதலில் போட்டேன். என் பேரை மட்டும் தப்பில்லாமல் எழுதுவேன். எனக்குப் பின்னால் இருபத்தொரு வீடு. பெருவிரல் வைத்தவர்கள் பாதி. கையெழுத்துத் தெரிந்தவர்களும் படிக்கவில்லை, நான் படித்தேனே என்று போட்டார்கள்.

பத்து நாள் கழித்து ஆட்கள் வந்து தொட்டியைக் கவிழ்த்தார்கள். உள்ளே மிச்சம் இருந்த தண்ணீர் தெருவில் ஓடியது. பம்பையும் வெட்டி எடுத்தார்கள். நான் ஓடிப்போய் அந்த மேற்பார்வை ஆளைக் கேட்டேன். அவர் ஆச்சரியப்பட்டார். "ரெண்டாவது பக்கத்துல இருக்கேம்மா. தொட்டி இருக்க எடத்துலதான கார் கேட்டு வருது. நீங்க படிச்சீங்கல்லா?"

பின்னால் எல்லாப் பெண்களும் நின்றார்கள். நான் திரும்பி அவர்களிடம், "ஆமா, போட்டுக்கீது. குழா வருதில்ல, இந்தத் தொட்டி இன்னாத்துக்கு?" என்றேன். காகிதத்தைப் படித்த மாதிரிப் பார்த்தது ஒரு தப்பு. இது அதைவிடப் பெரிய தப்பு. அன்றைக்கு வாயைத் திறந்திருந்தால் தொட்டியை மறுபடி நிமிர்த்தி வைத்திருக்கலாம்.

சுவர்க் குழாய் வந்தது. ஒன்றரை வருடம் நன்றாகவே வந்தது. எதிர் வீட்டுக்காரி இட்லியோடு தோசையும் போட ஆரம்பித்தாள். வரிசையில் செங்கல் வைக்கவேண்டிய அவசியமே இல்லாமல் போனது. நான் செய்தது நல்ல காரியம் என்று நானே நம்பிவிட்டேன்.

பிறகு மழை பெய்யாத வருடம் வந்தது. அதற்கடுத்த வருடமும் சரியாகப் பெய்யவில்லை. ஏரிகள் எல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பதை டி.வி.யில் காட்டினார்கள். முதலில் குழாயில் வந்த தண்ணீர் சிவந்தது. அதில் வடித்த சோறு மஞ்சளாக இருந்தது. பிறகு உப்புக் கரித்தது. பிறகு குழாயைத் திறந்தால் பாம்பு சீறுவதுபோல் காற்று வந்தது. ஒரு காலையில் இரண்டு குழாயிலும் சாக்குச் சுற்றிக் கம்பி கட்டியிருந்தது. காவலாளியைக் கேட்டோம். அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் கூட்டம் போட்டு முடிவு செய்துவிட்டார்களாம். போரில் தண்ணீர் இல்லை, அவர்களே காசு கொடுத்து லாரி வாங்குகிறார்கள். அதில் எங்களுக்கு எப்படிப் பங்கு என்று அவர் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இல்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை.

தனியார் லாரி வந்து அந்தக் கேட்டுக்கு நேராக நிற்கும். எங்கள் தொட்டி இருந்த அதே இடம். லாரியிலிருந்து கட்டடத்தின் தரையடிச் சம்ப்புத் தொட்டிக்குப் போகும் குழாயில், இணைப்பு இருக்கும் இடத்தில் சொட்டும். அதன் கீழே குடத்தை வைத்து உட்கார்ந்திருப்போம். ஒரு லாரி இறங்கி முடிவதற்குள் கால் குடம் சேரும். அதற்கும் அடிபிடி. வரிசைக்குச் சட்டம் போட்ட நான், என் குடத்தை முதலில் வைக்க ஒரு பிள்ளைத்தாய்ச்சியின் குடத்தை முழங்கையால் தள்ளினேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

பக்கத்துத் தெருக்களில் லாரி வந்துகொண்டுதான் இருந்தது. குடத்தோடு போனால், "இது எங்க தெரு தண்ணி, உங்க தெருவுல போய்ப் புடி" என்று துரத்தினார்கள். எங்கள் தெருவுக்கு லாரி ஏன் வரவில்லை என்று அவர்களுக்குத் தெரியாது. எங்களுக்கே தெரியாது. என் மருமகள் மின்சார ரயிலில் சைதாப்பேட்டைக்குப் போய் அவள் அம்மா வீட்டிலிருந்து இரண்டு கேனில் கொண்டுவருவாள். ஸ்டேஷன் படியில் கேனை ஒரு படி ஏற்றி வைப்பாள், மூச்சு வாங்குவாள், அடுத்த படிக்கு ஏற்றுவாள். அப்போது அவள் ஒரு கடையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள், தினம் தாமதம். அவள் கடையில் எச்சரித்துவிட்டார்கள்.

அரிசி களைந்த தண்ணீரில் பாத்திரம் தேய்த்தோம். பாத்திரம் தேய்த்த தண்ணீரைப் படியவைத்துத் தரை துடைத்தோம். தரை துடைத்ததைக் கக்கூஸுக்கு ஊற்றினோம். துண்டை நனைத்து உடம்பைத் துடைப்பதுதான் குளியல். தட்டுக் கழுவ முடியாமல் செய்தித்தாளின் மேல் இலையை வைத்துச் சாப்பிட்டோம். பேத்தி பள்ளிக்கூடத்துக்கு மூன்று நாள் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு போனாள். முதலில் நான் பெருமையாகச் சொன்னது அதோடு முடிந்தது. எதிர் வீட்டில் இட்லிக் கொப்பரை அடுப்பேறவில்லை. மாவு ஆட்டத் தண்ணீர் வேண்டும், வேகவைக்க வேண்டும், தட்டுக் கழுவ வேண்டும். அவள் வாசலில் காலியாக உட்கார்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

கடைசியில் பெண்கள் எல்லாம் சேர்ந்து தண்ணீர் ஆபீசுக்குப் போகலாம் என்றார்கள். முன்னால் நடக்க என்னைக் கூப்பிட்டார்கள். நானும் நல்ல புடவை கட்டிக்கொண்டு போனேன்.

அங்கே இருந்தது ஒரு இன்ஜினியரம்மா. என் மகள் வயது. கத்தாமல் கேட்டுக்கொண்டார். பட்டியலைப் பார்த்தார். எங்கள் சந்துக்குச் சொந்தமாகக் குழாய் வசதி இருக்கிறது என்று எழுதியிருந்ததாம், அதனால் லாரி நடை நிறுத்தப்பட்டதாம். ஒரு ஃபைலை எடுத்துவரச் சொன்னார். அதே இரண்டு தாள். வாய்விட்டுப் படித்தார். எங்களுக்கு நிரந்தரமாகக் குழாய் கிடைத்துவிட்டதால் தெருத் தொட்டியும் அடி பம்பும் லாரியும் இனித் தேவையில்லை, அந்த இடத்தைக் காலி செய்ய எங்களுக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. கடைசி வரியை அவர் மெதுவாகப் படித்தார். முதலில் கையெழுத்திட்டவர் எழுதப் படிக்கத் தெரிந்தவர், அவர் மற்றவர்களுக்கு இதைப் படித்துக் காட்டினார், கேட்டுப் புரிந்துகொண்டு எல்லோரும் சம்மதித்தோம்.

"யாரும்மா முதல் கையெழுத்து?"

நான்தான் என்றேன்.

"படிச்சுக் காட்டினீங்களா?"

என் முதுகில் அத்தனை பேர் கண்ணும் இருந்தது. "நான் படிச்சப்போ இதெல்லாம் இல்ல. பின்னாடி மாத்திக்கீறாங்கோ" என்றேன். அந்தம்மா தாளைத் திருப்பி என் பக்கம் காட்டினார். என் கையெழுத்து அந்த வரிக்கு நேர் கீழே இருந்தது.

"மாத்தினாங்கன்னா போலீஸ்ல எழுதிக் குடுங்க. அது முடியற வரைக்கும் என்னால ஒண்ணும் பண்ண முடியாது. இல்ல, படிச்சுக் காட்டினவங்க படிக்கவே இல்லன்னா சொல்லுங்க. அப்போ இந்தப் பேப்பர் நிக்காது."

இரண்டாவது வழி எனக்காகத் திறந்து வைத்த கதவு மாதிரி இருந்தது. நான் அதில் நுழையவில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் பெண்கள் அந்தத் தெற்கத்திக்காரரைச் சபித்துக்கொண்டு வந்தார்கள். நானும் சேர்ந்து சபித்தேன். போலீசுக்கு எப்போது போகலாம் என்று கேட்டார்கள். இன்றைக்குக் கால் வலி என்றேன். நாளைக்கு அமாவாசை என்றேன். அப்படியே இரண்டு வாரத்துக்கு மேல் தள்ளினேன். ஒவ்வொரு நாளும் மருமகள் கேனோடு படி ஏறுவதைப் பார்த்துக்கொண்டே தள்ளினேன்.

அப்போது எதிர் வீட்டுக்காரியின் மாமியார் செத்துப்போனாள். படுத்த படுக்கையாக இருந்த கிழவி. ஒரு மாதமாக அவளுக்கு ஈரத்துணிதான். காலை பத்து மணிக்கு உயிர் போனது. எதிர் வீட்டுக்காரி ஒரு காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாள். அழுதுகொண்டுதான் பேசினாள், ஆனால் குரல் உயரவில்லை.

"யக்கா, சாவு வூட்டுக்கு மொதோ குடம்னு நீதானே சொன்னே. எங்கே நிக்கணும் சொல்லு. போய் நிக்கிறேன்."

நான் குடத்தை வாங்கிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். ஒருத்தி ஒரு சொம்பு ஊற்றினாள். ஒருத்தி டம்ளரில் ஊற்றினாள். ஒரு வீட்டில் பிள்ளைக்குப் பால் கலக்க வைத்திருந்ததில் பாதியை ஊற்றிவிட்டு, மீதியைக் கையால் மூடிக்கொண்டாள். சந்து முழுக்கச் சுற்றியும் குடம் கழுத்து வரை வரவில்லை. கிழவிக்குத் தலையில் சீயக்காயும் உடம்பில் மஞ்சளும் தேய்த்துவிட்டார்கள். அலசத் தண்ணீர் போதவில்லை. நான் முந்தானையால் துடைத்துவிட்டேன். காதோரம் சீயக்காய் அப்பிக்கொண்டு இருந்தது, அப்படியே தூக்கிக்கொண்டு போனார்கள்.

மூன்றாம் நாள் நான் பெண்களைக் கூப்பிட்டேன். ஆபீசுக்குப் போகலாம் வாருங்கள் என்றேன். எதற்கு என்று சொல்லவில்லை. எதிர் வீட்டுக்காரியும் வந்தாள்.

இன்ஜினியரம்மா ஃபைலை எடுக்கும் வரை பொறுத்தேன். பிறகு சொன்னேன். "அன்னிக்கு நான் பொய் சொன்னேம்மா. அவங்கோ மாத்தல. நான் படிக்கல. எனக்குப் படிக்கத் தெரியாது."

அந்தம்மா என்னைப் பார்த்தார். இதை எழுதவேண்டும், அதனால் ஒரு வரி படிக்கச் சொல்லிப் பார்க்கவேண்டும் என்றார். தாளை என் முன்னால் வைத்தார். விரலை வைத்தேன். முதல் எழுத்தைச் சொன்னேன். இரண்டாவதைச் சொன்னேன். மூன்றாவது கொம்பு போட்ட எழுத்து. அதை முந்தின இரண்டோடு சேர்க்கத் தெரியவில்லை. பத்தொன்பது வருடம் மேனேஜரிடம் படித்த வித்தை ஒன்றும் அங்கே உதவவில்லை. "போதும்மா" என்று அந்தம்மாவே தாளை இழுத்துக்கொண்டார்.

என் பின்னால் எதிர் வீட்டுக்காரி பேசினாள்.

"அப்போ எம் பொண்ணு ஜாதகத்தப் பாத்து பத்துப் பொருத்தமும் கீதுன்னு சொன்னியே யக்கா, அது?"

யாரோ சிரித்தார்கள். பிறகு அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

"கட்டம்தான் எண்ணினேன்" என்றேன். அது உண்மை.

"அவ இன்னிக்கும் புருசங்கிட்ட அடி வாங்கிக்கினு கீறா." அன்றைக்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை.

புதுக் காகிதம் எழுதினார்கள். கையெழுத்துக்கு நீட்டியபோது வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். படித்தார்கள். இரண்டாவது முறையும் படிக்கச் சொன்னேன். பிறகு போட்டேன். வெளியே வந்தபோது எல்லோரும் எனக்கு முன்னால் கூட்டமாக நடந்துவிட்டார்கள். மருமகள் மட்டும் என் பக்கத்தில் வந்தாள். துரைசாமி சுரங்கப்பாதை வரை கூடவே நடந்தாள். அப்புறம்தான், "எனக்குத் தெரியும் அத்தை" என்றாள். "ஒரு வாட்டி ஸ்கூல் லெட்டரைத் தலைகீழாப் புடிச்சிக்கினு படிச்சீங்க. அதான் அன்னிக்கு நான் கேட்டேன்."

அவள் கை நீட்டியது என்னைக் காப்பாற்ற என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சாலையில் நின்று அழ எனக்கு வெட்கமாக இருந்தது. நடந்தேன்.

லாரி வந்தது. ஆனால் நிரப்பத் தொட்டி இல்லை, வைக்க இடமும் இல்லை. அங்கே கார் கேட் இருக்கிறது. லாரி மெயின் ரோட்டில் நிற்கும், நாங்கள் ஓடிப்போய் நேராகக் குழாயிலிருந்து குடத்தில் பிடிக்கவேண்டும். மூன்று நாளைக்கு ஒரு தடவை. டிரைவர் அவசரப்படுவார். பிடித்ததைவிடச் சாலையில் ஓடியது அதிகம். வரிசையை இப்போது வேறு ஒருத்தி பார்த்துக்கொள்கிறாள். நான் என் குடத்தை வைத்துவிட்டு என் இடத்தில் நிற்கிறேன்.

எதிர் வீட்டுக்காரி மழைக்கு முன்பே காலி செய்துவிட்டாள். ஊருக்கு வெளியே அவள் அண்ணன் வீட்டுப் பக்கம் போகிறாள் என்று மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். குட்டி யானை வண்டியில் சாமான் ஏற்றினார்கள். இட்லிக் கொப்பரையை எடைக்குப் போட்டுவிட்டாள். குடங்களை ஒரு கயிற்றில் கோத்து வண்டிக்குப் பின்னால் கட்டினாள். நான் என் வாசலில் நின்றுகொண்டே இருந்தேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு மழை வந்தது, கேட்காத அளவுக்கு வந்தது. அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கார்கள் முங்கின. மோட்டார் வைத்துத் தண்ணீரை எங்கள் சந்துக்குள் விட்டார்கள். நான் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, குடிக்க ஒரு சொம்பு இல்லாமல், லாரி வருமா என்று பார்த்தேன்.

தொட்டி கேட்டு வருடா வருடம் மனு கொடுக்கிறோம். இடம் காட்டுங்கள் என்கிறார்கள். சந்தில் இப்போது புதிதாகக் குடிவந்தவர்களுக்கு அங்கே தொட்டி இருந்ததே தெரியாது. இந்த வெயிலுக்கும் குழாயில் கட்டின சாக்கு அந்தச் சுவரில் அப்படியே இருக்கிறது. ஏரி நிறைந்திருக்கிறது என்கிறார்கள். எங்கள் குடத்துக்கு அது எந்த வழியாக வரும் என்று யாரும் சொல்லவில்லை.

இதை எதிர் வீட்டுக்காரிக்கு அனுப்பப் போகிறேன். விலாசம் மருமகளிடம் இருக்கிறது. எதிர் வீட்டுக்காரிக்கும் படிக்கத் தெரியாது. அவள் மகள் இப்போது பிறந்த வீட்டில்தான் இருக்கிறாளாம், அவள் படித்துக் காட்டுவாள். எதிர் வீட்டுக்காரி என்னை மன்னிக்கவேண்டும் என்று இல்லை. ஆபீசில் சொன்னது அந்தம்மாவுக்குச் சொன்னது. இவளுக்கு நான் இன்னும் சொல்லவில்லை.

எழுதியாச்சா? இரு, கையெழுத்து அப்புறம் போடுகிறேன். முதலில் இருந்து படி, கண்ணு. வாய்விட்டுப் படி. அந்தப் பிள்ளைத்தாய்ச்சியைத் தள்ளினதை விட்டுவிட்டு எழுதியிருந்தால், இப்போதே சேர்த்துவிட்டுப் படி.